தரையில் ஐந்தாவது இடம்

நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். ஆனால் இது நடந்தது. என் மச்சான் பொய் சொன்னால் காது சிவந்து காட்டிக்கொடுத்துவிடும். இதைச் சொன்னபோது சிவக்கவில்லை.

மச்சான் பெயிண்டர். என் மனைவியின் தம்பி. முழங்கால் மட்டும் சொன்ன பேச்சைக் கேட்காது. தரையில் உட்கார்ந்தால் தூக்கிவிட ரெண்டு ஆள் வேண்டும் என்று அக்காக்காரி கிண்டல் செய்வாள்.

மூடிக்கிடக்கும் ஒரு ரசாயனத் தொழிற்சாலையின் குடியிருப்பில் அவனுக்கு வேலை. பல வருஷம் முன்பு விஷவாயு கசிந்து ஆட்கள் செத்த இடம். இப்போது வாடகைக்கு விடப்போகிறார்கள். மாடி வீட்டுக்குக் கீழே இருந்த வீட்டுக்கு வெள்ளை அடிக்க வேண்டும்.

போனைக் காவலாளி அறையில் சார்ஜில் போட்டான். துண்டை வெளியே வண்டிமேல் விட்டான். ஈரப் பெயிண்டில் ரோட்டுத் தூசி ஒட்டும் என்று கதவைச் சாத்தினான். ஜன்னலில் ஏற்கெனவே பலகை அடித்திருந்தது. மதியம் மூன்று மணி.

சுவரில் இடுப்பளவுக்கு ஒரு மஞ்சள் கறை. அதன்மேல் அடித்துவிட்டுத் திரும்பினான். கறை மறுபடியும் வந்திருந்தது. ஒரு சாண் மேலே.

பெயிண்டில் கலப்படம் என்று கடைக்காரனைத் திட்டினான்.

பிறகு அந்த வாடை. மிளகாய் கருகினாற்போல... கண் எரிந்தது. கதவை இழுத்தான். வரவில்லை. அடி இடுக்கில் ஈரத்துணி செருகியிருந்தது. உள்பக்கமிருந்து. காலால் இழுத்து எறிந்தான்.

மறுபடி பார்த்தான். செருகியிருந்தது.

கத்தினான். யாரும் வரவில்லை. கீழே நின்றால் மூச்சு முட்டியது. ஏணியில் ஏறினால் கொஞ்சம் விட்டது. ஏறினான்.

"தம்பி, மேல நிக்காதீங்க. எறங்கி வந்து தரையோட படுங்க."

ஆண் குரல். அன்பான குரல். அதுதான் ரொம்பப் பயமாக இருந்தது என்றான்.

கீழே ஆள் இல்லை. பெயிண்ட் சிந்தாமல் விரித்த தார்ப்பாய் மட்டும் அசைந்தது... யாரோ நகர்ந்து இடம் விடுவதுபோல.

ஒரு குழந்தை இருமியது.

"எடம் இருக்கு தம்பி."

புகை வந்தால் படுக்க வேண்டும் என்று அவனும் கேள்விப்பட்டிருக்கிறான். சரியாகத்தான் பட்டது. ஒரு படி இறங்கினான்.

முழங்கால் பூட்டிக்கொண்டது.

ஏணியைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். சுவரில் கறை ஏறிக்கொண்டே வந்தது. ஏணியின் மூன்றாவது படி...

நான்காவது...

"வாங்க தம்பி..."

கதவு திறந்தது. ஒரே தள்ளுதான். போன் விடாமல் அடிக்கிறது என்று அதைக் கொடுக்க வந்த காவலாளி, வாசலிலேயே நின்றார்.

"கீழ படுத்தீங்களா?"

"இல்ல."

அவர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

வாடை இல்லை. கறை இல்லை. தார்ப்பாய் முழுக்கப் பெயிண்ட் தெறித்திருந்தது. நான்கு இடம் மட்டும் சுத்தமாக இருந்தது. ஆள் படுத்த அளவுக்கு இரண்டு பெரியது, இரண்டு சின்னது. அவற்றுக்குப் பக்கத்தில் ஒரு துண்டு, நனைத்து நாலாக மடித்தபடி. வண்டிமேல் விட்டுவந்த மச்சானின் துண்டு.

காவலாளி பிறகுதான் சொன்னார். அந்த வீட்டில் முன்பு குடியிருந்தவர் தொழிற்சாலையில் தீயணைப்புப் பயிற்சி கொடுத்தவர். புகை மேலே போகும், அதனால் தரையோடு படுங்கள் என்று எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்தவர். ஆனால் வாயு கசிந்த அன்று ராத்திரி வந்தது புகை இல்லை. காற்றைவிடக் கனமான வாயு. தரையோடு தங்கியது. அவர் மனைவியையும் இரண்டு பிள்ளைகளையும் படுக்கவைத்து, முகத்தில் ஈரத்துணி போட்டு, தானும் பக்கத்தில் படுத்தார். பாவம், அவருக்குத் தெரிந்த நல்லதைத்தான் செய்தார். மாடியில் இருந்தவர் பிழைத்துக்கொண்டார்.

"மாடியில யாரு இருந்தா?" என்று கேட்டான் மச்சான்.

"நான்தான் தம்பி. எறங்கி வா, எறங்கி வான்னு கூப்பிட்டுக்கிட்டே இருந்தாரு. தூக்கக் கலக்கத்துல நான் போகல. மறுநாள் கதவ ஒடைச்சப்போ, அவங்க நாலு பேருக்குப் பக்கத்துல ஒரு எடம் காலியா இருந்துச்சு. நனைச்ச துண்டோட. எனக்காகப் போட்டு வச்சது."