லைன் அறுந்தால் 'சரி' என்று அர்த்தம்

கம்ப்யூட்டர் தெரிந்தவன் என்று காரைக்குடியில் நாலு தெருவுக்கு எனக்குப் பெயர் இருந்தது. பாலிடெக்னிக்கில் லேப் உதவியாளன் வேலை. யார் வீட்டில் கம்ப்யூட்டர் படுத்தாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். நானும் பெரிய டாக்டர் தோரணையில் போய் நின்று, வயரைப் பிடுங்கிச் செருகிவிட்டு வருவேன். அந்தத் தலைக்கனம்தான் என்னைப் பிடித்த சனி. அது என்னோடு நின்றிருந்தால் பரவாயில்லை, என் தங்கையையும் சேர்த்துப் பிடித்தது.

தங்கைக்கு நான்கு வயதில் வந்த காய்ச்சலில் காது போனது. பேச்சும் அதோடு நின்றுவிட்டது. கைகளால் பேசுவாள். அவளோடு காது கேளாதோர் பள்ளியில் படித்தவரையே கல்யாணம் செய்துவைத்தோம். அவருக்கும் கேட்காது. இரண்டு பேரும் கூடத்தில் உட்கார்ந்து பேசினால் கை ஓயாது. வீடே சந்தை போல இருக்கும், ஆனால் சத்தமே இருக்காது. ஐந்து மாதம்தான் அப்படி இருந்தார்கள். பிறகு அவர் சிங்கப்பூரில் ஓர் அச்சகத்தில் வேலை கிடைத்துப் போய்விட்டார்.

மற்ற பெண்களுக்குப் புருஷன் வெளிநாடு போனால் போன் இருக்கிறது. இவளுக்கு என்ன இருக்கிறது? எங்கள் வீட்டில் போன் மணி அடித்தால் அம்மா ஓடுவாள், நான் ஓடுவேன், தங்கை காய் நறுக்கிக்கொண்டிருப்பாள். கடிதம் போய்ப் பதில் வர மூன்று வாரம். அந்தக் கொடுமையைப் பார்க்கச் சகிக்காமல்தான் 1999-இல் ஒரு பழைய கம்ப்யூட்டரும் மோடமும் வாங்கினேன். சனிக்கிழமை மதியம் ஆபீஸ் காலியான பிறகு, அவருடைய முதலாளி ஒரு மணி நேரம் கம்ப்யூட்டரைத் தொட விடுவார். நம் நேரப்படி இரண்டரையிலிருந்து மூன்றரை வரை இருவரும் எழுத்தில் தட்டிப் பேசிக்கொள்ளலாம். மூன்றரைக்கு முதலாளி வந்து பூட்டிவிடுவார். வாரம் முழுக்க அவள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு இருந்தது அந்த ஒரு மணி நேரத்துக்காக.

போன் லைனில் இன்டர்நெட் என்றால் என்ன என்று இன்றைய பிள்ளைகளுக்குச் சொன்னால் சிரிப்பார்கள். மோடம் மதுரை நம்பருக்கு டயல் செய்து, பூனைச் சண்டை போலக் கத்தி, மூன்றாவது முறையோ நான்காவது முறையோ ஒட்டிக்கொள்ளும். ஓடுகிற ஒவ்வொரு நிமிடத்துக்கும் எஸ்டிடி கட்டணம். யாராவது ரிசீவரை எடுத்தால் போச்சு, லைன் அறுந்துவிடும். எங்கள் அம்மாவுக்கோ ஒரு பழக்கம். ஆறு வருடம் காத்திருந்து கிடைத்த போன் என்பதால், போகிற போக்கில் ரிசீவரை எடுத்து டயல் டோன் வருகிறதா என்று கேட்டுவிட்டுத்தான் நகர்வாள்.

"அம்மா! மறுபடியும் எடுத்தியா?"

"போன்ல உசுரு இருக்கான்னு பார்த்தேன்ப்பா. நம்ம வீட்டுப் போனை நான் தொடக்கூடாதாக்கும்?"

திரும்ப ஒட்டுவதற்குள் கால் மணி நேரம் போயிருக்கும். இந்தத் தொல்லைக்கு அவர்கள் இருவரும் தங்களுக்குள் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டார்கள். கேள்வி கேட்டிருக்கும்போது லைன் அறுந்து, அந்த வாரம் திரும்ப ஒட்டவில்லையென்றால், அதற்குப் பதில் 'சரி' என்று அர்த்தம். சட்டைத் துணி எடுத்து அனுப்பவா, உன் அண்ணனுக்கு வாட்ச் வாங்கவா என்று கேட்பார். லைன் அறுந்துவிடும். அடுத்த மாதம் வாட்ச் வந்துவிடும். எனக்கே இரண்டு வாட்ச் அப்படி வந்தது. நாங்கள் கேலி செய்வோம், அவளும் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள்.

அப்போதுதான் எங்கள் தெருவுக்குக் கேபிள் டிவி இழுத்தவர் வந்து வாசலில் நின்றார்.

"எதுக்குத் தம்பி இந்த ரோதனை? டிவி வர்ற வயரு பக்கத்துலயே இன்னொரு வயரு இழுத்துடுறேன். நெட்டு சும்மா தண்ணி மாதிரி கொட்டும். போன் பில்லுங்கிற பேச்சே கிடையாது. மாசத்துக்கு ஒரே தொகை. நாள் பூரா போட்டு வைங்க, யாரு கேக்கப் போறாக?"

"அறுந்து போகாதுல்ல?"

"அட என்ன தம்பி நீங்க, படிச்சவுக இப்படிக் கேக்குறீக! நம்ம டிவி என்னைக்காச்சும் அறுந்துருக்கா?"

நான் சும்மா ஒத்துக்கொள்ளவில்லை, அப்படி நினைத்துவிடாதீர்கள். ஒரு வெள்ளைத் தாள் எடுத்து நடுவில் கோடு போட்டு, ஒரு பக்கம் போன், மறு பக்கம் கேபிள் என்று எழுதினேன். வேகம்: கேபிள். செலவு: கேபிள். காத்திருப்பது: கேபிளில் கிடையாது. நெட் ஓடும்போது போன் எங்கேஜ்டு ஆவது: போனில் மட்டும். அம்மா ரிசீவரை எடுத்தால்: கேபிளுக்குக் கவலையே இல்லை. எந்தப் பக்கம் பார்த்தாலும் கேபிள்தான் ஜெயித்தது. தாளைத் தங்கையிடம் காட்டினேன். அவள் ஒவ்வொரு வரியையும் விரல் வைத்துப் படித்தாள். போன் வழி இன்டர்நெட்டும் ஒரு பக்கம் இருக்கட்டுமே என்று கையால் கேட்டாள். இரட்டைத் தண்டம் எதற்கு, அண்ணனை நம்ப மாட்டாயா என்றேன். என் வாயில் சனி. மோடத்தை நாச்சியாபுரத்தில் இருந்த ஒரு பள்ளிக்கூட வாத்தியாரிடம் விற்றுவிட்டேன். மதுரை இன்டர்நெட் கணக்கையும் புதுப்பிக்காமல் விட்டேன்.

முதல் நான்கு சனிக்கிழமைகள் கேபிள் பறந்தது. பொய் சொல்ல மாட்டேன். அவர் போட்டோ முன்பெல்லாம் நெற்றியில் தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கி, கழுத்தோடு நின்றுபோகும். இப்போது முழு ஆளும் ஒரே மூச்சில் வந்து நின்றார், காலில் செருப்பு வரைக்கும். தங்கை என் கையைப் பிடித்து முத்தம் கொடுத்தாள். நான் அப்படியே மிதந்தேன்.

நான்காவது சனிக்கிழமை, நேரம் முடிகிற சமயத்தில், அவர் ஒன்று கேட்டார். வேலை ஒப்பந்தம் முடிகிறது. இன்னும் மூன்று வருடத்துக்குக் கையெழுத்துப் போடவா? முதலாளி அடுத்த சனிக்கிழமை பூட்ட வரும்போது பதில் கேட்பார். நீ என்ன சொல்கிறாய்? அடுத்த சனிக்கிழமை சொல்கிறேன் என்று தங்கை தட்டினாள்.

அந்த வாரம் முழுக்க நானும் அம்மாவும் அவளை அரித்தெடுத்தோம். மூன்று வருடம் கண்ணை மூடித் திறப்பதற்குள் போய்விடும், சொந்தமாக ஒரு வீடு கட்டிவிடலாம், இங்கே வந்தால் அவருக்கு யார் வேலை தருவார்கள் என்றெல்லாம். சனிக்கிழமை காலை காபி ஆற்றிக்கொண்டிருந்தவள் டம்ளரைக் கீழே வைத்தாள். இரண்டு கையையும் நீட்டி நெஞ்சை நோக்கி இழுத்துக் காட்டினாள். 'வா' என்பதற்கு அவர்களுடைய சைகை அது. அவரை வரச் சொல்லப் போகிறேன், நீங்கள் இரண்டு பேரும் வாயை மூடுங்கள் என்றாள். அவள் கை அவ்வளவு வேகமாகப் போய் நான் பார்த்ததில்லை.

அன்றைக்கு மாதாந்திரப் பராமரிப்பு. காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்து வரை ஊருக்குக் கரண்ட் இருக்காது. பேப்பரில் போட்டிருந்ததை நானே படித்தேன். படித்துவிட்டு நிம்மதியாக இருந்தேன், அதுதான் கொடுமை. எங்களிடம் யுபிஎஸ் இருந்தது. சிக்கனமாகப் போட்டால் கம்ப்யூட்டர் முக்கால் மணி நேரம் தாங்கும். மோடம் இருந்த காலத்தில் எத்தனை பராமரிப்பு நாளை அப்படி ஓட்டியிருக்கிறோம்! போன் லைனுக்கு வேண்டிய கரண்ட் எக்ஸ்சேஞ்சிலிருந்து அதுவே கொண்டு வரும். ஊர் இருண்டாலும் போன் சாகாது.

இரண்டரைக்குக் கம்ப்யூட்டரைப் போட்டோம். திரை வந்தது. நெட் வரவில்லை. வயரைப் பிடுங்கிச் செருகினேன். இல்லை. தெருமுனைக்கு ஓடினேன். கேபிள்காரர் கம்பத்தடியில் நின்றார்.

"என்னண்ணே, நெட்டு வரல!"

"கரண்டு இல்லையே தம்பி. கம்பத்துல இருக்க பெட்டிக்கும் கரண்டு வேணும்ல. எங்க ஆபீஸ்லயும் இல்ல. அஞ்சு மணிக்கு மேல தன்னால வந்துரும், போங்க."

நான் கோடு போட்ட தாளில் கரண்ட் என்று ஒரு வரி இல்லை. அத்தனை வரி எழுதினேன், அதை எழுதவில்லை. பதில் வராவிட்டால் 'சரி' என்றுதானே அர்த்தம்.

வீட்டுக்கு ஓடி வந்து போனை எடுத்தேன். டயல் டோன் கணீரென்று வந்தது. நாச்சியாபுரத்து வாத்தியாருக்குப் போட்டேன். அங்கே என் மோடம் இருக்கிறது, அவரையே நாலு எழுத்துத் தட்டச் சொல்லலாம். எங்கேஜ்டு. மறுபடி எங்கேஜ்டு. பாவி மனுஷன் என் மோடத்தில்தான் மேய்ந்துகொண்டிருந்தார். பிறகு சிங்கப்பூர் அச்சகத்தின் நம்பரைப் போட்டேன். மணி அடித்தது. ஆபீஸில் அவர் ஒருவர்தான் இருப்பார். கம்ப்யூட்டரும் போனும் ஒரே மேஜையில் என்று போட்டோவில் பார்த்திருக்கிறேன். அவர் கைக்கு ஒரு முழம் தள்ளி அந்த மணி அடித்துக்கொண்டிருக்கிறது. அடித்து ஓய்ந்தது. மறுபடி போட்டேன். யாராவது வாட்ச்மேன், கூட்டுகிற அம்மா, யாராவது வந்து எடுத்துவிட மாட்டார்களா? எடுங்களேன், எடுங்களேன் என்று ரிசீவரில் கத்தினேன். தங்கை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். எடுக்கிறாரா என்று கையால் கேட்டாள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

"ஏப்பா, நின்னு அழுதா ஆச்சா? அவளக் கூட்டிக்கிட்டு அங்குட்டுப் போ! நாச்சியாபுரத்துக்கு!" என்று அம்மா என்னைப் பிடித்துத் தள்ளினாள்.

மொபெட்டில் கிளம்பும்போது மணி மூன்று. குன்றக்குடி தாண்டுவதற்குள் என் தோளை அவள் எத்தனை முறை தட்டியிருப்பாளோ. இரண்டு பேரைச் சுமந்துகொண்டு அந்த வண்டி அதற்கு மேல் வேகம் எடுக்காது. மூன்றரை ஆனபோது வயல்வெளி நடுவே இருந்தோம். மணி என்ன என்று அவள் என் கையை இழுத்துப் பார்த்தாள், அவர் வாங்கி அனுப்பிய வாட்ச். அதன் பிறகு தட்டுவதை நிறுத்திவிட்டாள்.

வாத்தியார் வீட்டில் ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. அந்தப் பக்கம் கரண்ட் போகவே இல்லை. "வாங்க வாங்க, என்ன இம்புட்டு தூரம்? இப்பத்தான் நெட்டுலேருந்து எந்திரிச்சேன்" என்றார். நான் நேரே கம்ப்யூட்டரிடம் போய் டயல் செய்தேன். முதல் முறையே ஒட்டிக்கொண்டது, சண்டாள மோடம். தங்கை உட்கார்ந்தாள். அவர் இல்லை. ஓர் ஈமெயில் மட்டும் வந்து கிடந்தது. நம் நேரம் மூன்று இருபத்தெட்டுக்கு அனுப்பியது.

'ஒரு மணி நேரம் காத்திருந்தேன். லைன் அறுந்துவிட்டது போலிருக்கிறது. நீ வா என்று சொல்வாய் என்று நினைத்திருந்தேன். பரவாயில்லை. சரி. முதலாளி வந்துவிட்டார், கையெழுத்துப் போடப் போகிறேன்.'

அவள் அதை இரண்டு முறை படித்தாள். நான் அவள் தோளைத் தொட்டேன். என் கையை எடுத்துக் கீழே வைத்தாள். கோபமாகக்கூட இல்லை, மேஜை மேல் கிடந்த ஒரு சாமானை நகர்த்தி வைப்பது போல. பிறகு ஒரு விரலால், ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தேடிப் பதில் தட்டினாள். கையெழுத்துப் போட்டது போட்டதுதான், இனி அதை மாற்ற முடியாது என்று எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும். வா என்று அவள் எழுதவே இல்லை. அவள் எழுதியது ஒரே வரி.

'இனிமேல் லைன் அறுந்தால், வேண்டாம் என்று அர்த்தம்.'

அனுப்பிவிட்டு எழுந்து வெளியே போய் மொபெட் பக்கத்தில் நின்றாள். வாத்தியார் கொண்டு வந்த காபியை நான்தான் இரண்டு டம்ளரும் குடித்தேன்.