இலக்கிய மீளாய்வும் ஆறாவது விரலும்

இலக்கிய மீளாய்வு என்ற பெயரில் எங்கள் முதுமாணிப் பட்ட வகுப்பில் நடந்த கூத்தை நினைத்தால் இன்றும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. பதுளையில் சனிக்கிழமைதோறும் வகுப்பு. வந்தவர்கள் எல்லாரும் ஆசிரியர்கள், பிள்ளைகள் பார்த்து எழுதினால் காதைத் திருகுகிறவர்கள். அவர்கள்தான் முந்தைய வருடத்து ஆய்வேட்டை வாங்கி, முன்னே வந்த ஆய்வுகளை எடைபோட வேண்டிய இரண்டாம் அத்தியாயத்தை ஈயடிச்சான் காப்பி அடித்தார்கள். "அவர் இவ்வாறு கூறுகிறார், இவர் அவ்வாறு கூறுகிறார்." ஏன் கூறினார், யாரைப் பார்த்துக் கூறினார், அது சரிதானா? மூச்! கேட்டால், "டீச்சர், நாப்பது பேரு சொன்னதப் போட்டா போதும். யாரு படிக்கப் போறா?" என்று பக்கத்து நாற்காலிக்காரர் எனக்கே புத்தி சொன்னார்.

என் தலைப்பு, தேயிலைத் தோட்டத்துப் பெண்பிள்ளைகள் பாதியில் பள்ளிக்கூடத்தை விட்டு நிற்பது ஏன் என்பது. நான் ஸ்பிரிங்வெளிப் பக்கத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில் ஒன்றில் பிறந்தவள், பசறைப் பக்கத்துத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறவள். எனக்குத் தெரியாததா என்ற திமிர் நிறையவே இருந்தது.

மேற்பார்வையாளர் என் அத்தியாயத்தை இரண்டு முறை திருப்பிவிட்டார். மூன்றாம் முறையும் திரும்பினால் பட்டம் கிடையாது. "பிள்ளை பெரிய மனுசியானா நிப்பாட்டுறது அவங்க வழக்கம்னு எல்லாரும் எழுதியிருக்காங்க. நீங்க மட்டும் ஏன் விட்டீங்க?" என்றார். என் முகத்தைப் பார்த்தே 'அவங்க' என்றார், மகராசன். எங்கள் லயத்தில் சடங்கு முடிந்த மறுவாரமே பிள்ளைகள் பள்ளிக்கூடம் போவார்கள். அவர் சொன்ன அந்த 'வழக்கம்' பொய் என்று காட்டினால்தான் என் அத்தியாயம் பிழைக்கும்.

ஆகவே, மீளாய்வு என்றால் என்னவென்று நானே செய்து பார்த்தேன். ஒவ்வொரு கட்டுரையையும் பிடித்து, 'உனக்கு யார் சொன்னது?' என்று கேட்டேன். அது முந்தைய ஒன்றைக் காட்டியது. அது அதற்கும் முந்தையதைக் காட்டியது. ஒன்றாவது சொந்தக் கண்ணால் பார்த்ததாக இல்லை. முன் ஆடு பள்ளத்தில் விழுந்தால் பின் ஆடும் விழும், ஆட்டுக்காவது படிப்பில்லை. கடைசியில் நூலகத்தின் மூலையில், பழுப்பேறிய ஓர் அறிக்கையில் வந்து நின்றேன். அத்தனை பேரும் தொங்கிக்கொண்டிருந்தது ஒரே ஒரு பெண்ணின் வாக்குமூலத்தில்.

லயத்தின் கடைசிக் காம்பரா, ஒற்றை அறை. மூன்று பெண்பிள்ளைகள். மூத்தவள் எட்டாம் வகுப்போடு நின்றவள். தாயின் இடக்கையில் ஆறு விரல்கள்.

என் அம்மா!

விரலை எண்ணத் தெரிந்த அந்தப் பெரிய ஆய்வாளருக்குக் கேள்வி கேட்கத் தெரியவில்லை. மறுநாள் ஞாயிறு. முதல் பஸ்ஸில் ஏறி வீட்டுக்குப் போனேன்.

"ஆமா, சப்பாத்துப் போட்ட ஒருத்தரு வந்தாரு," என்றாள் அம்மா. "புள்ள வயசுக்கு வந்ததும் நிப்பாட்டிட்டீங்களான்னு கேட்டாரு. ஆமாங்கன்னேன். அது ஒங்க வழக்கமான்னாரு. அதுக்கும் ஆமாங்கன்னேன். கொழுந்து நிறுக்க நேரமாயிருச்சு, அந்தாளு வழிய விடல. வேற என்னத்தச் சொல்றது?"

விழுந்து விழுந்து சிரித்தேன். கையில் கடதாசியோடு யார் வந்தாலும் எங்கள் லயத்தில் ஆமாங்கதான். ஆளை அனுப்பிவைக்க அதைவிடச் சுருக்கமான வழி கிடையாது. இந்தத் துப்புக்கெட்ட கூட்டம் அதன்மேல் பட்டங்களை அடுக்கிவைத்திருக்கிறது! திங்கட்கிழமை மேற்பார்வையாளரின் மேசையில் இதைப் போட்டு அவர் மூக்கை உடைக்கப்போகிறேன் என்று குதித்தேன். குதித்த வேகத்தில், பேனாவைத் திறந்துகொண்டே கேட்டேன்.

"அப்ப அக்கா ஏன்தான் நின்னா? படிப்பு ஏறலன்னுதானே?"

அம்மா அடுப்படிப் பக்கம் பார்த்தாள். அங்கே அக்கா ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தாள்.

"நான் வகுப்புல மொதலாம் புள்ள," என்றாள், திரும்பாமலே. "அந்த வருசம் தோட்டத்துல கைப்புள்ளைங்கள விடுற பிள்ளைக்காம்பராவ மூடிட்டாங்க. அம்மா மலைக்குக் கொழுந்தெடுக்கப் போனா கைப்புள்ளய யாரு பாக்குறது? நடுவுலவளும் சின்னப் புள்ள. அந்தாளு வந்து கேட்டுக்கிட்டு நின்னப்பகூட நீ என் இடுப்புலதான் இருந்த."

"இத நான் எழுதலாமா அக்கா?" என்று கேட்டது என் வாய்தான், வெட்கங்கெட்ட வாய்.

"எழுதிக்க. காரணம்னு வர்ற எடத்துல ஒன் பேரப் போட்டுக்க," என்றாள். அவள் குரலில் கோபம்கூட இல்லை. ரொட்டியை என் தட்டில் வைத்து, சம்பலைப் பக்கத்தில் தள்ளினாள்.

அந்தச் சப்பாத்துக்கார மடையன் ஒரு நாளாவது மலையேறி வந்து, தப்பாகவாவது கேட்டுவிட்டுப் போனான். நான் அதே காம்பராவில் வளர்ந்தவள். ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.