எரிமலை பார்க்கப் போன வெள்ளிக்கிழமை

எரிமலை பார்க்கப் போகிறேன் என்று வகுப்பு முழுக்கச் சொல்லிவைத்திருந்தேன். நான்காம் வகுப்பில் அது சாதாரணச் செய்தி இல்லை. என் பக்கத்தில் உட்காரும் பெண் தன் அக்காவின் நிச்சயதார்த்தத்துக்குக் கொச்சி போவதாக ஒரு வாரமாகப் பெருமையடித்துக்கொண்டிருந்தாள். என் எரிமலை அந்தப் பெருமையை ஒரே நாளில் ஊதி அணைத்துவிட்டது. புகை வருமா, நெருப்பு தெரியுமா என்று கேட்டவர்களுக்கெல்லாம் தைரியமாக ஆமாம் என்றேன். அப்பா என்னிடம் சொன்னது இவ்வளவுதான்: ஓமானில் சோஹார் கடற்கரைக்குப் பின்னால் இருக்கும் மலைகளில் எரிமலைக் கற்கள் இருக்கின்றன, வெள்ளிக்கிழமை போய்ப் பார்த்துவிட்டு வரலாம். அதில் ‘கற்கள்’ என்ற சொல்லை மட்டும் என் காது வாங்கிக்கொள்ளவில்லை.

நாங்கள் துபாயில் கராமாவில் குடியிருந்தோம். வீட்டில் மொத்தம் மூன்று பேர். அம்மா ஆஸ்பத்திரியில் நர்ஸ். வார விடுமுறையான வெள்ளிக்கிழமைகளிலும் பெரும்பாலும் அம்மாவுக்கு டூட்டி இருக்கும். அப்பா ஜெபல் அலியில் ஒரு கிடங்கின் சூப்பர்வைசர். கன்டெய்னர்கள் வருவதையும் போவதையும் பார்த்துக்கொள்வது அவர் வேலை. விடுமுறை நாளில் அவர் சோபாவின் ஒரு மூலையிலும் நான் மற்ற மூலையிலும் உட்கார்ந்து, ஒருவர் வைத்த சேனலை மற்றவர் மாற்றாமல் டிவி பார்ப்போம். எதிர் பில்டிங் பிள்ளைகள் கூட்டமாகப் பார்க்குக்குக் கிளம்புவது பால்கனியிலிருந்து தெரியும். என்னையும் கூப்பிடச் சொல்லி யாரிடமும் கேட்க எனக்குக் கூச்சம்.

அப்பா கல்லூரியில் படித்தது நிலவியல். அது மண்ணையும் கல்லையும் பற்றிய படிப்பு என்றும், அந்தப் படிப்புக்கும் கன்டெய்னருக்கும் சம்பந்தமே இல்லை என்றும் வெகுநாள் கழித்துத்தான் எனக்குப் புரிந்தது.

அன்று விடிந்ததும் கிளம்பினோம். ஹத்தா வழியாக எல்லை தாண்டி, பாஸ்போர்ட்டில் முத்திரை வாங்கி, கடலோரச் சாலையைப் பிடித்து சோஹார் போய்ச் சேர்ந்தபோது எனக்கு நல்ல பசி. ஒரு மலையாளி ஹோட்டலில் பரோட்டா சாப்பிட்டோம். பிறகு கடற்கரையில் கொஞ்ச நேரம் நின்றோம். மீன்பிடிப் படகுகளை மணலில் இழுத்துப் போட்டிருந்தார்கள். கடலுக்கு முதுகைக் காட்டி நின்ற அப்பா, தூரத்தில் கறுப்பாகத் தெரிந்த மலைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். அன்று காலையிலிருந்து அவர் பேசியது, அதற்கு முந்தைய மாதம் முழுக்க என்னிடம் பேசியதைவிட அதிகமாக இருக்கும். நான்தான் கேட்கவில்லை. ஜன்னல் வழியாகப் புகையைத் தேடிக்கொண்டிருந்தேன்.

கடலை விட்டு மேற்கே திரும்பி அரை மணி நேரம் ஓடியபின், சாலையிலிருந்து இறங்கி ஒரு வறண்ட ஆற்றுப் படுகையில் அப்பா காரை நிறுத்தினார். இரண்டு பக்கமும் கறுப்பும் பழுப்புமாகக் கரடு. ஒரு செடி இல்லை, ஓர் ஆள் இல்லை. ஆற்றங்கரையில் ஒரு செங்குத்தான பாறைச் சுவர் நின்றது. உருண்டை உருண்டையான கற்களை ஒன்றின்மேல் ஒன்றாக அமுக்கி அடுக்கியதுபோல் இருந்தது அது.

“குட்டி, இங்க பாரு. தலகாணி மாதிரி இருக்கா? கடலுக்கு அடியில எரிமலைக் குழம்பு பிதுங்கி வந்தப்ப, தண்ணி பட்டதும் மேல்தோல் கெட்டியாயிடும். உள்ள சூடு அப்படியே இருக்கும். அடுத்தது பிதுங்கி அது மேல வந்து உக்காரும். நாம இப்ப நிக்கிறது கடலோட அடித்தரை!”

“கடல் எங்கப்பா?”

“விலகிப் போயிடுச்சு.”

“ஸ்மோக்?”

அப்பா சிரித்தார். “அதெல்லாம் எப்பவோ அணைஞ்சிடுச்சுடா.”

எனக்கு அழுகை வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை பள்ளி திறந்ததும் வகுப்பில் என்ன சொல்வேன்? தலையணை பார்த்தேன் என்றா? “இது வெறும் கல்லு. போரிங்” என்று சொல்லிவிட்டுக் காருக்குத் திரும்பி, பின் சீட்டில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டேன். அப்பா ஜன்னலருகே வந்து ஒரு நிமிடம் நின்றார். என்னைச் சமாதானப்படுத்தப் போகிறார் என்று நினைத்தேன். அவர் கண்ணோ அந்தப் பாறைச் சுவர் வளைந்து மறையும் இடத்தில் இருந்தது.

“பத்து நிமிஷம். அந்தத் திருப்பம் வரைக்கும் போய்ப் பாத்துட்டு வந்துடறேன். நீ காரை விட்டு இறங்கக் கூடாது. என்ன?”

அவர் வேகமாக நடந்தார். அப்பா அவ்வளவு வேகமாக நடந்து நான் பார்த்ததே இல்லை.

கார்க் கடிகாரத்தில் பத்து நிமிடம் போயிற்று. இருபதும் போயிற்று. சின்னக் காற்றுகூட இல்லை. என் மூச்சுச் சத்தம் எனக்கே கேட்டது. முப்பத்தைந்து ஆனபோது அப்பா திரும்பி வரவே மாட்டார் என்று எனக்கு உறுதியாகத் தோன்றிவிட்டது. இறங்கினேன். அவர் போன திருப்பம் எது என்பதில் எனக்குச் சந்தேகம் இருக்கவில்லை. ஆனால் அந்த ஆற்றில் எல்லாத் திருப்பமும் ஒரே மாதிரி இருந்தது. இரண்டு திருப்பம் தாண்டித் திரும்பிப் பார்த்தபோது காரைக் காணவில்லை. “அப்பா” என்று கத்தினேன். என் குரல்தான் கரட்டில் மோதித் திரும்பி வந்தது. பிறகு எந்தப் பக்கம் ஓடினேன் என்று தெரியாது. ஓடினேன்.

“யாரு அது? யாரு புள்ள?”

தமிழ்! மேட்டின் மேல் ஒருவர் நின்றுகொண்டிருந்தார். தலையில் துண்டு, மங்கிப்போன நீலச் சட்டை, கையில் ஒரு கம்பு. அவரைச் சுற்றி ஏழெட்டு ஆடுகள். விழுந்தடித்து இறங்கி வந்து என் முன்னால் குந்தினார்.

“அழுவாத ஆத்தா. அப்பான்னு கத்துனது நீதானா? நான் என் காதுதான் கோளாறு பண்ணுதுன்னு நெனச்சேன்.”

நான் ஆங்கிலத்தில் ஏதோ சொன்னேன். அவர் முகத்தில் ஒரு பதற்றம் வந்தது. “தமிழ்ல சொல்லு, தமிழ்ல சொல்லு” என்றார். அப்பாவைக் காணவில்லை, கார் வெள்ளை, துபாயிலிருந்து வந்தோம் என்று உடைத்து உடைத்துச் சொன்னேன்.

மேட்டுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை இருந்தது. அங்கே கூட்டிப்போய் ஒரே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் என்னை உட்காரவைத்தார். தண்ணீர் கொடுத்தார். ஒரு டப்பாவிலிருந்து பேரீச்சம்பழம் எடுத்துக் கொடுத்தார். சிவகங்கைப் பக்கம் ஒரு கிராமம் என்று தன் ஊரைச் சொன்னார். முதலாளி ஜும்மா தொழுகைக்குப் போயிருக்கிறார், வந்ததும் அவர் வண்டியிலேயே தேடலாம், அதற்குள் அப்பாவே வந்தாலும் வந்துவிடுவார் என்றார்.

“உனக்கு எந்த ஊரு ஆத்தா?”

“துபாய்.”

“துபாய் ஒரு ஊரா?” என்று சிரித்தார். “ஏதாச்சும் பேசு.”

“என்ன பேசறது?”

“என்ன வேணாலும். பள்ளிக்கூடத்துல பாட்டுச் சொல்லிக் குடுப்பாகள்ல, தமிழ்ப் பாட்டு?”

எங்கள் பள்ளியில் இந்தியும் அரபியும்தான் என்றேன். அவர் விடவில்லை. “ஒண்ணு ரெண்டாச்சும் தெரியுமா? அதையாச்சும் சொல்லு.”

சொன்னேன். பதினெட்டுக்குப் பிறகு தடுக்கியது. “பத்தொம்போது” என்று அவர் எடுத்துக்கொடுத்தார். நான் திருப்பிச் சொன்னேன். அவர் தரையில் உட்கார்ந்து, முழங்காலைக் கட்டிக்கொண்டு, கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். இருபத்தொன்பது, முப்பத்தொன்பது எல்லாவற்றிலும் நான் தடுக்கினேன். ஒவ்வொரு முறையும் அவர் சிரித்தார். எனக்கும் அழுகை நின்று கொஞ்சம் சிரிப்பு வந்தது. வெகுநாளாக யாரும் என் எதிரில் உட்கார்ந்து நான் பேசுவதை அப்படிக் கேட்டதில்லை.

ஐம்பதைத் தாண்டியபோது தூரத்தில் ஹார்ன் சத்தம் கேட்டது. நீளமாக, விட்டுவிட்டு. எங்கள் காருடைய ஹார்ன். நான் எழுந்துவிட்டேன்.

அவருக்கும் கேட்டது. அவர் எழுந்திருக்கவில்லை.

“போயிரலாம் ஆத்தா. இந்தா, பக்கத்துலதான். நூறு வரைக்கும் சொல்லிட்டுப் போயிரலாம். இன்னும் கொஞ்சம்தான இருக்கு.”

நான் நின்றபடியே சொன்னேன். ஹார்ன் இன்னும் கொஞ்ச நேரம் அடித்துவிட்டு நின்றது. ஒவ்வொரு பத்தின் கடைசியிலும் தடுக்கியதால் மெதுவாகத்தான் போயிற்று. தொண்ணூற்றிரண்டோ மூன்றோ சொல்லும்போது அப்பா மேட்டின் மேல் தெரிந்தார். சட்டை நனைந்து ஒட்டியிருந்தது. ஒரு முழங்காலில் பேண்ட் கிழிந்து ரத்தம்.

அவர் ஓடிவந்து என் தோளைப் பிடித்து உலுக்கிய உலுக்கில் பல்லோடு பல் மோதியது. “கார விட்டு இறங்காதன்னு சொன்னேனா இல்லையா? ஏன் இறங்குன? சொல்லு, ஏன் இறங்குன?”

அப்பாவின் முகம் அப்படி ஆகி நான் பார்த்ததில்லை. அடிக்கப் போகிறார் என்று நினைத்தேன். கையை நீட்டி ஆட்டுக்காரரைக் காட்டினேன்.

“அந்த அங்கிள்தான் வான்னு கூப்பிட்டார். அப்புறம் போக விடல.”

இரண்டாவது வாக்கியத்தில் பாதி உண்மை இருந்தது. முதல் வாக்கியத்தில் ஒன்றுமே இல்லை.

அப்பா அவரை அறைந்தார். ஒரே ஒரு அறைதான். தலைத்துண்டு கீழே விழுந்தது. அவர் என்னைப் பார்த்தார். நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

“புள்ளைக்குத் தண்ணி குடுத்தேன் சார்” என்றார்.

அதற்குள் ஒரு பிக்கப் வந்து நின்றது. அவருடைய முதலாளியான கஃபீல், வெள்ளைத் தாடி வைத்த ஓமானி, இறங்கி வந்தார். அப்பாவும் அவரும் இந்தியில் பேசிக்கொண்டார்கள். அப்பா போலீஸ் போலீஸ் என்று இரண்டு முறை சொன்னார். கஃபீல் தன் நெஞ்சில் கை வைத்து, மன்னிப்புக் கேட்பதுபோல் ஏதோ சொன்னார். பிறகு ஆட்டுக்காரரிடம் திரும்பிக் கோபமாகப் பேசினார். அதில் எனக்குப் புரிந்தது, “இந்த ஈதுக்கு லீவு மாஃபி, கலாஸ்” என்ற வாக்கியம் மட்டும். ஈத் பெருநாளுக்கு ஊர் போக லீவு கிடையாது, பேச்சு முடிந்தது என்று அர்த்தம். மாஃபியும் கலாஸும் எங்கள் தெருக் கடைக்காரரிடம் சாக்லேட் கேட்கும்போது தினமும் காதில் விழுகிற சொற்கள்தான். பெரிய தண்டனையாக எனக்குத் தோன்றவில்லை.

கஃபீலின் வண்டியிலேயே எங்களைக் காருக்குக் கொண்டுவந்து விட்டார்கள். ஆட்டுக்காரரும் பின்னால் நின்றபடி வந்தார். அப்பா காரைக் கிளப்பும்போது அவர் இறங்கி வந்து, டிரைவர் பக்க ஜன்னலில் குனிந்து ஏதோ சொன்னார். நான் பின் சீட்டில் இருந்தேன். இன்ஜின் சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை. என் பொய்யைப் போட்டு உடைக்கிறார் என்று நினைத்தேன். தூங்குவதுபோல் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன். அப்பா ஜன்னலை ஏற்றினார்.

ஆச்சரியமாக, அப்பா என்னை ஒன்றும் கேட்கவில்லை. எல்லைக்கு முன்னால் ஒரு பெட்ரோல் பங்கில் ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தார். பேண்ட் பைக்குள்ளிருந்து ஒரு கறுப்புக் கல்லை எடுத்து, கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்து, அங்கிருந்த குப்பைத் தொட்டியில் போட்டார். அம்மாவிடம் நாங்கள் இருவருமே எதையும் சொல்லவில்லை. வகுப்பில் நான் புகை பார்த்ததாகச் சொன்னேன். அப்பா அதன்பிறகு எந்த மலைக்கும் என்னைக் கூட்டிப்போகவில்லை.

அம்மாவும் அப்பாவும் இப்போது திருச்சியில் இருக்கிறார்கள். நான் துபாயிலேயே வேலைக்குச் சேர்ந்துவிட்டேன். போன குளிர்காலத்தில் அலுவலக நண்பர்கள் ஓமானுக்குச் சுற்றுலா கிளம்பினார்கள். அவர்களுடைய பட்டியலில் அந்தப் பாறைச் சுவரும் இருந்தது. அவர்கள் அதன் முன்னால் படம் எடுத்துக்கொண்டிருந்தபோது நான் தனியாக ஆற்றுப் படுகையில் நடந்தேன். கொட்டகை இருந்த மேடு எது என்று கண்டுபிடிக்க முடியவில்லை. ஒரு திருப்பத்தில் நின்று அவரை எப்படிக் கூப்பிடுவது என்று யோசித்தபோதுதான், அவர் பெயரைக்கூட நான் கேட்கவில்லை என்பது உறைத்தது.

சாயங்காலம் சோஹார் ஹோட்டல் அறையிலிருந்து அப்பாவுக்குப் போன் செய்தேன்.

“அப்பா, அன்னிக்கு அந்த ஆட்டுக்காரர் என்னைக் கூப்பிடல. நானாத்தான் இறங்கிப் போனேன்.”

எந்த ஆட்டுக்காரர் என்று அவர் கேட்கவில்லை.

“தெரியும்” என்றார். “கார்லேருந்து உன் செருப்புத் தடம் தனியாத்தான் மணல்ல போயிருந்துச்சு. அதைப் பிடிச்சுக்கிட்டுத்தான நான் வந்தேன்.”

“அப்புறம் ஏம்பா அடிச்சீங்க?”

“பத்து நிமிஷம்னு சொல்லிட்டுப் போயி ஒன்றரை மணி நேரம் கழிச்சு வந்தவன் நான். உன்னைக் காணோம்னதும்... நீ அவர் மேல கையக் காட்டுன. எனக்கும் அது வசதியாப் போச்சு.”

அன்று கிளம்பும்போது ஆட்டுக்காரர் ஜன்னலில் குனிந்து என்ன சொன்னார் என்று கேட்டேன்.

“புள்ளையத் திட்டாதீங்க சார், பயந்துபோயி இருக்குன்னு சொன்னாரு.”

அன்று ஆட்டுக்காரர் அதைச் சொல்லிக்கொண்டிருந்தபோதுதான், அவர் பக்கம் திரும்பிப் பார்க்காமல், நான் தூங்குவதுபோல் நடித்துக்கொண்டிருந்தேன்.