எலுமிச்சைக்குக் கட்டிய கொசுவலை

நியேவுவுக்கு யார்மேல் கோபம் வந்தாலும் புழுக்களைத்தான் திட்டுவாள். "தின்னுங்க, தின்னுங்க, உங்கப்பன் தோட்டம்தானே" என்று எலுமிச்சை மரத்தடியில் அவள் போடும் சத்தம் மலிந்திச் சாலை வரை கேட்கும். கணவன் மொம்பாசா துறைமுகத்தில் மூட்டை தூக்கப் போனவன். நினைத்தால் வருவான், நினைக்காவிட்டால் இல்லை. பத்து வருடமாக அவள் வயிற்றையும், பிறகு பிறந்த மகள் ஜும்வாவின் வயிற்றையும் நிரப்பியது அந்தப் புழுக்கள்தான்.

அபூர்வப் பூச்சி ஒன்றும் இல்லை. எல்லோர் வீட்டு முற்றத்திலும் பறக்கிற பட்டாம்பூச்சி; கறுப்பு இறக்கையில் மஞ்சள் திட்டுகள். பெண்பூச்சி எலுமிச்சைக் கொழுந்தில் உட்கார்ந்து முன்னங்கால்களால் தட்டிப் பார்க்கும். இலையின் ருசி அதற்குக் காலிலேயே தெரிந்துவிடும். பிடித்திருந்தால் ஒரே ஒரு முட்டை, பிறகு அடுத்த கொழுந்து. பொரிந்து வரும் புழு பார்க்கக் காக்கை எச்சம் மாதிரியே இருப்பதால் பறவை சீந்தாது. நாலு தடவை சட்டை உரித்தபின் பச்சையாகிவிடும். சீண்டினால் தலைக்குப் பின்னாலிருந்து ஆரஞ்சு நிறக் கொம்பை நீட்டி நாறும். தின்று முடித்ததும் இடுப்பில் ஒரு நூலைக் கட்டிக்கொண்டு குச்சியில் சாய்ந்து கூடாகிவிடும். உடனே பஞ்சில் பொதிந்து சேகரிப்பு நிலையத்தில் கொடுத்துக் காசு வாங்கிவிட வேண்டும். அது போய்ப் பறப்பது குளிர் தேசத்தில், ஜனங்கள் வேடிக்கை பார்க்கிற கண்ணாடிக்கூடங்களில்.

சும்மா விட்டால் நூறு முட்டையில் இரண்டு தேறினால் அதிகம். குளவி ஒரு பக்கம், எறும்பு ஒரு பக்கம். அதற்காகத்தான் புழு வளர்க்கிற நாங்கள் கிளைகளுக்கு உறை மாட்டுகிறோம். ஆஸ்பத்திரிக்காரர்கள் தரும் கொசுவலை வருஷக்கணக்கில் துவைத்துத் துவைத்துக் கிழிந்தபிறகு, அதை வெட்டித் தைத்த உறை. ஏன் பழைய வலை என்று யாரும் யோசித்ததில்லை. புதியதை யார் வெட்டுவார்கள்?

போன ஜூலையில் நியேவு வெட்டினாள். அவளுடைய உறைகளை ஆடு கடித்துக் குதறியிருந்தது. அந்த வாரம்தான் வீட்டுக்கு இரண்டு புது வலை கொடுத்திருந்தார்கள். ஒன்றை ஜும்வாவின் கட்டிலுக்குக் கட்டினாள், மற்றதைக் கத்தரித்து மரத்துக்கு மாட்டினாள். குளவியின் மூக்குகூட நுழையாது என்று அவளுக்கு ஒரே பெருமை.

அன்று சாயங்காலம் அவள் உறையை மாட்டி முடித்தபோது, கணவனின் சித்தப்பா நுகும்பாவோ வழக்கம்போல அந்த நிழலுக்கு வந்தார். பிள்ளை இல்லாதவர். எழுபதைத் தாண்டியவர், தலை பஞ்சாய் வெளுத்தவர், அடுப்புப் புகையில் கண் சிவந்தவர்.

"மருமகளே, உன் புழுவெல்லாம் என்னமா தொந்தி போட்டிருக்கு. எனக்கும் ரெண்டு இலை போடேன்."

"உங்களுக்குப் பல்லு இருக்கா மாமா? கண்ணு வைக்காம கிளம்புங்க."

சிரித்துக்கொண்டே போனார்.

காலையில் உறைக்குள் அறுபது புழுவும் பச்சையாகக் கக்கி, சுருண்டு, கறுத்துக் கிடந்தன. நியேவு நிலையத்துக்குப் போய் வரிசையில் நின்று அழுதாள். என்ன ஆச்சு, யார் வந்தாங்க என்று ஆளாளுக்குக் கேட்டார்கள்.

"யாரும் வரல. நுகும்பாவோ மாமா மட்டும் வந்தாரு. நல்லா இருக்குன்னாரு, போனாரு."

அவ்வளவுதான் சொன்னாள். ஆனால் எங்கள் பக்கத்தில் நரைத்த தலையைப் பற்றி அதைவிடக் குறைவாகச் சொன்னாலே போதும். சூனியக்காரர் என்று பட்டம் கட்டி அந்த வருஷம் ஏற்கெனவே இரண்டு கிழவர்களை வெட்டியிருந்தார்கள். இரண்டு பேருக்கும் நிலம் இருந்தது. நிலமில்லாத கிழவன் சூனியம் வைத்ததாக நான் இதுவரை கேள்விப்பட்டதில்லை. வரிசையில் நுகும்பாவோவின் அண்ணன் மகன் கஹிண்டியும் நின்றிருந்தான். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுப் போனான்.

மூன்றாம் நாள், உச்சிக்கிளையில் தப்பியிருந்த ஆறு புழுக்களை இறக்கி நியேவு அதே உறைக்குள் விட்டாள். சோளம் இடித்துவிட்டு வந்து பார்த்தபோது ஆறும் துடித்துச் செத்துக்கொண்டிருந்தன. வலையை முகர்ந்து பார்த்தாள். புது வலையில் தோய்த்துத் தருகிற, பழையதில் துவைத்துத் துவைத்துப் போய்விடுகிற அந்த வாடை. மருந்து. கொசுவைக் கொல்கிற மருந்து புழுவை மட்டும் விட்டுவிடுமா? அதற்குள் கஹிண்டி நுகும்பாவோவைச் சூனியக்காரர் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தான். ஓடினாள்.

கஹிண்டி கள்ளுக்கடையில் கூட்டாளிகளோடு இருந்தான்.

"தம்பி, தப்பு என்னோடது. வலையில மருந்து இருக்கு. இப்ப என் கண்ணெதிரே ஆறு செத்துச்சு. மாமா ஒண்ணும் பண்ணல."

"வலையா? அதே மாதிரி வலைக்குள்ளதான ஜும்வா படுக்கறா? அவ செத்துட்டாளா அண்ணி?"

கூட்டாளிகள் சிரித்தார்கள். புழுவுக்கு வேறு, பிள்ளைக்கு வேறு என்று அவளுக்கு எடுத்துச் சொல்லத் தெரியவில்லை. கத்தினாள். "உங்களையும் மயக்கி வச்சிருக்காரு அண்ணி, போங்க" என்றான் அவன்.

அங்கிருந்து கிழவரிடம் போனாள். அவர் சோளக்கொல்லையில் குரங்கு விரட்டிக்கொண்டிருந்தார்.

"மாமா, உங்க தங்கச்சி வீட்டுக்குப் போயிடுங்க. இப்பவே. கால்ல விழறேன்."

"கதிர் முத்தியிருக்கு, பத்து நாள்ல அறுத்துட்டுப் போறேன். கஹிண்டிக்கா பயப்படறே? என் மடியில மூத்திரம் போன பய."

"என் வாயாலதான் மாமா வந்துச்சு இது."

"உன் வாய் ஊரறிஞ்சதுதானே. போய்ப் பிள்ளையைப் பாரு."

வியாழக்கிழமை காலை வரப்பில் கிடந்தார். வெட்டுக்கத்தி கழுத்தில் இரண்டு தடவை இறங்கியிருந்தது. போலீஸ் வந்தது. ஊரில் ஒருவரும் எதையும் பார்க்கவில்லை. நியேவு கஹிண்டியின் பெயரைச் சொன்னாள். அவன் அன்று ஊரிலேயே இல்லை என்று ஏழு பேர் சாட்சி சொன்னார்கள். வலையை எடுத்து நீட்டினாள். எழுதிக்கொண்டிருந்த போலீஸ்காரர் அதை வாங்கிப் பார்க்கவில்லை.

அந்த மாதம் கூடு ஒன்றுகூடச் சேரவில்லை. வீட்டு மாவுப்பானை காலி. ஜும்வா பசியில் சிணுங்கிக்கொண்டிருந்த ஒரு மதியம் கஹிண்டி கூடையோடு வந்தான். புதுச் சோளம், கிழவர் கொல்லையில் அறுத்தது.

"உங்க பங்கு அண்ணி. நீங்க சொல்லலேன்னா எங்களுக்குத் தெரிஞ்சே இருக்காது."

"வலைதான்னு அன்னைக்கே சொன்னேனே."

"சரி அண்ணி, சரி" என்றான், பிள்ளையைச் சமாதானப்படுத்துகிற மாதிரி. கூடையை வாசலில் வைத்துவிட்டுப் போனான்.

வெகுநேரம் அவள் அதைத் தொடவில்லை. ஜும்வாதான் ஒரு கதிரை எடுத்து உரித்துப் பச்சையாகக் கடித்தாள். அதைப் பிடுங்கி எறிய நியேவு கையை நீட்டினாள். எறிந்தால் பிள்ளைக்குக் கொடுக்க வேறு ஒன்றும் இல்லை. அடுப்பை மூட்டி உலையை வைத்தாள்.