வல்லாரைத் தாள்

2007ஆம் வருஷம், ஆனி மாசம். லிந்துலைப் பக்கம் எங்க தேயிலைத் தோட்டத்துல மழை விடாம பெய்ஞ்சுக்கிட்டிருந்த நேரம். சவுதிக்கு வீட்டு வேலைக்குப் போன அம்மா, நாலு வருஷம் கழிச்சு லீவுல வந்திருந்தாங்க. நான் கண்டிப் பக்கம் கேம்பஸ்ல கடைசி வருஷம்.

அதுக்கு முந்தின வருஷம், சவுதியில அயன் பண்ணும்போது அம்மாவுக்குக் கையில சுட்டுடுச்சு. "ஒண்ணுமில்ல புள்ள, லேசாதான்"னு போன்ல சொன்னாங்க. லேசா சுட்டா குரல் அப்படியா நடுங்கும்? எனக்கு ஒரே ஆத்திரம். மருந்து போட்டுவிடக்கூட பக்கத்துல இல்லையேன்னு அழுகை வேற. அந்த வீம்புலதான் புண்ணு ஆத்துற ஆராய்ச்சியில சேர்ந்தேன்.

வல்லாரைச் சாறைப் பசை மாதிரி ஒரு கரைசல்ல கலந்து, ஊசியில ஏத்தி, அதிக வோல்டேஜ்ல கரண்ட் குடுப்போம். சிலந்தி நூலைவிட மெல்லிசா இழை பறந்துவந்து படியும். படியப் படிய வெள்ளைத் தாள் மாதிரி ஆயிடும். அதைப் போட்டா புண்ணு சீக்கிரம் ஆறுமான்னு பாக்கிறதுதான் எங்க வேலை.

அம்மா வந்துட்டாங்கன்னதும், மிஞ்சின ரெண்டு துண்டை எங்க ஆராய்ச்சி சார்கிட்ட கேட்டு வாங்கினேன். காட்ட மட்டும்தான், ஆளு மேல போடக்கூடாதுன்னு சொல்லித்தான் குடுத்தார். டப்பாவுல போட்டு இறுக மூடி பஸ் ஏறிட்டேன்.

தோட்டத்து லயத்துல எங்க வீட்டுக்குப் போனதும் அம்மா கையைத்தான் முதல்ல பிடிச்சுப் பாத்தேன். புண்ணு எப்பவோ ஆறி, வழவழன்னு தழும்பாயிருந்துச்சு. வலிச்சப்ப யாரு ஊதிவிட்டாங்களோ. டப்பாவைத் திறந்து காட்டினேன். அம்மா ஏனம் கழுவின ஈரக் கையோட ஒண்ணை எடுத்து, நான் தடுக்கிறதுக்குள்ள தழும்பு மேல வச்சுக்கிட்டாங்க. "என் மக செஞ்சதை நான் போட்டுப் பாக்கக்கூடாதா?"ன்னு சிரிப்பு வேற.

அய்யய்யோ! பாத்துக்கிட்டே இருக்கிறப்பவே தாளு சுருங்கிக் கரைஞ்சு போயிருச்சு. ஈரம் தாங்குற பக்குவம் எங்களுக்கு அப்ப இன்னும் கைவரல.

"அதுக்குள்ள போயிருச்சே புள்ள"ன்னு அம்மா முகம் வாடிப்போச்சு. எனக்கு என்ன ஆச்சோ, "நீங்க திரும்பிப் போகாதீங்கம்மா"ன்னு ஓன்னு அழுதுட்டேன். அம்மா என் தலையைத் தடவிக்கிட்டே, "தம்பி படிப்பு முடியட்டும் புள்ள"ன்னாங்க.

லீவு முடிஞ்சு கிளம்புற அன்னைக்கு, மிச்சமிருந்த ஒரு துண்டை டப்பாவோட கேட்டாங்க. புண்ணுக்குப் போடக்கூடாதும்மான்னேன்.

"புண்ணுக்கு இல்ல புள்ள, சும்மா வச்சிருக்கத்தான். அங்க ஈரமே இல்ல, கரையாது."

அம்மா இன்னும் அங்கதான் இருக்காங்க. போன் எடுத்தா, உன் தாளு அப்படியே இருக்குன்னு பெருமையா சொல்லுவாங்க. நானும் சந்தோஷம்மான்னுதான் சொல்லுவேன். ஆனா அந்தத் தாளையும் எடுத்துக்கிட்டு, அது கரைஞ்சுபோற எங்க ஊரு ஈரத்துக்கே அம்மா வந்துடணும்னுதான் இன்னைக்கும் மனசு கிடந்து ஏங்குது.