பிளக்கைப் பிடுங்காத மதியம்

அந்த மூன்று ஞாயிற்றுக்கிழமைகளிலும் வீட்டில் இருந்தவர்களைச் சொல்லிவிடுகிறேன். நான். போனுக்குள் என் மகள், அயர்லாந்தில் நர்ஸ். முன்கட்டில் வீட்டுக்காரர். மேசையில் பழைய கம்ப்யூட்டர். கட்டிலில் மகள் விட்டுப்போன லேப்டாப். அலமாரி மேல் இன்டர்நெட் பெட்டி. ஆள் என்று எண்ணினால் பின்கட்டில் நான் ஒருவன்தான்.

மனைவி இறந்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது.

நான் இருப்பது கரமனையில், அக்ரகாரத்து வீடு ஒன்றின் பின்கட்டில். வேலை ஆரியசாலையில், பருப்பு மண்டியின் கோடவுனில். லாரியில் வந்த மூட்டையும் உள்ளே அடுக்கிய மூட்டையும் ஒத்துவர வேண்டும். மூட்டைக்கு ஒரு கோடு போட்டு அதைப் பார்ப்பது என் வேலை. நாலு கோடு, குறுக்கே ஒரு கோடு. முப்பது வருடமாக அதுதான். ஐந்தாவது வரை படித்தவனுக்கு அது போதும்.

பழைய கம்ப்யூட்டரை மகள் ஒன்பதாவது படிக்கும்போது செகண்ட் ஹேண்டில் வாங்கினோம். இங்கே மலையாளச் சீமையில் பள்ளிக்கூடத்தில் லினக்ஸ்தான் சொல்லிக்கொடுக்கிறார்கள். அதனால் அதையே போட்டுக் கொடுத்தான் கடைக்காரன். லேப்டாப் நர்ஸிங் படிக்கும்போது வாங்கியது. அதில் விண்டோஸ். இரண்டும் ஒரே அறையில் பல வருடம் இருந்தன. ஒன்றோடு ஒன்று பேசியதில்லை.

மகள் வெளிநாடு போவது உறுதியானதும் என் மனைவி பழைய கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து பேசிப் பதிவுசெய்ய ஆரம்பித்தாள். மகளுக்குச் சமையல் தெரியாது. தினம் ஒன்று. "நேர்ல சொன்னா கேக்க மாட்டா. அங்க போயி பசிச்சா கேப்பா" என்றாள். லீவுக்கு வரும்போது கொடுத்துவிடலாம் என்று வைத்திருந்தாள். மகள் வந்தது லீவுக்கு இல்லை. காரியத்துக்கு. அப்போது யாரும் கம்ப்யூட்டரைத் திறக்கவில்லை.

பிறகு ஒருநாள் மகள் போனில் சொன்னாள்: "அம்மா கொரல் எங்கிட்ட ஒண்ணுகூட இல்லப்பா. போனு மாத்தினப்ப எல்லாம் போயிட்டு. அந்தக் கம்ப்யூட்டர்ல இருக்கதுதான்."

போட்டுப் பார்த்தேன். உள்ளே கரகரவென்று சத்தம். பென்டிரைவ் செருகினால் அதில் விளக்கு எரிந்தது, கம்ப்யூட்டருக்குத் தெரியவில்லை. கடைக்காரனைக் கூட்டிவந்தேன். காதை வைத்துக் கேட்டான்.

"டிஸ்க்கு போகப்போகுது அண்ணாச்சி. கழத்தி எடுத்தா பின்னெ எழும்பும்னு உறப்பு சொல்ல முடியாது. ஓடும்போதே மத்ததுக்கு மாத்திருங்க. சும்மா சும்மா போடாதீங்க."

அப்படித்தான் முதல் ஞாயிறு. முதலில் அந்தப் பக்கம் இருப்பதை எண்ணிக்கொண்டேன். மண்டிப் பழக்கம். காலண்டர் பின்பக்கத்தில் கோடு போட்டேன். நாற்பத்தேழு. பிறகு மகள் சொல்லச் சொல்ல, மனைவியின் ஃபோல்டரை லேப்டாப்புக்குத் திறந்துவிடும்படி செய்தேன். பழைய கம்ப்யூட்டருக்கு ஒரு எண் இருந்தது. புள்ளி புள்ளியாக நீண்டது. கடைசியில் இரண்டு. அதையும் காலண்டரில் எழுதினேன். லேப்டாப்பில் அந்த எண்ணைத் தட்டினால் இன்டர்நெட் பெட்டி வழியாக இங்கிருந்தே அதற்குள் போகலாம் என்றாள்.

தட்டினேன். பெயரும் பாஸ்வேர்டும் கேட்டது. என் பெயரைப் போட்டேன். விடவில்லை. மனைவி பெயரைப் போட்டேன். விடவில்லை.

"கெஸ்ட்டுன்னு ஒரு டிக் இருக்கும்ப்பா, பழைய கம்ப்யூட்டர்ல. அதப் போடுங்க."

போட்டேன். என் வீட்டுக்குள்ளேயே விருந்தாளியாகப் போய்ச் சேர்ந்தேன்.

"ஒண்ண மட்டும் எடுத்துப் பாருங்க" என்றாள். எடுத்தேன். லேப்டாப்பின் முகப்பில் வைத்தேன். தட்டினேன்.

"எம்மா, புளிய மொதல்ல ஊறப்போடு. உப்பு பாக்க உங்கப்பாவக் கூப்டாத. அவருக்கு நாக்கே கெடையாது."

மகள் கேட்கட்டும் என்று போனை லேப்டாப் பக்கம் நீட்டினேன். ரசம் கொதிப்பது வரைக்கும் ஓடி நின்றது.

கொஞ்சம் கழித்து, "எப்படிப்பா எடுத்தீங்க? கட்டா, காப்பியா?" என்று கேட்டாள்.

"கட்டு."

"அய்யோ, கட்டு பண்ணாதீங்க. அங்க இருக்கது போயிரும். காப்பி பண்ணணும். காப்பின்னா ரெண்டு எடத்துலயும் இருக்கும்."

"ஒரே மூட்டை ரெண்டு கோடவுன்ல எப்படிளா இருக்கும்?"

"இது பருப்பு இல்லப்பா."

அவளுக்கு டூட்டி நேரம் ஆகிவிட்டது. அடுத்த ஞாயிறு மீதியை எடுக்கலாம் என்றாள். அப்போதே முன்கட்டிலிருந்து குரல் வந்தது. "பிளக்! பிளக்!"

ஐப்பசியில் இங்கே மதியம் தவறாமல் இடி. வீட்டுக்காரர் கரண்ட் ஆபீஸில் இருந்து ரிட்டயர் ஆனவர். ஒருதடவை மின்னலில் அவர் டிவி கருகியது. அதிலிருந்து முதல் இடி உருண்டதும் வாசலில் நின்று கூப்பிடுவார். அந்தக் குரலுக்குத் தெருவே எழுந்து சுவரில் இருப்பதையெல்லாம் பிடுங்கும். நானும் பிடுங்கினேன். கம்ப்யூட்டர், லேப்டாப், இன்டர்நெட் பெட்டி, மிக்ஸி. மனைவி இருந்தவரை அவள் பிடுங்குவாள், நான் நிற்பேன்.

இரண்டாவது ஞாயிறு லேப்டாப்பை முதலில் போட்டேன். பழையதுதான் கொஞ்ச நேரத்தில் சூடேறி நின்றுவிடும். பழையதைப் பிறகு போட்டேன். காலண்டரைப் பார்த்து எண்ணைத் தட்டினேன். கேட்காமலே உள்ளே விட்டது. உள்ளே காலி.

மகளிடம் சொன்னேன்.

"என்னது காலியா? ஒண்ணுமே இல்லையா?"

"இல்ல."

"ப்பா, அன்னைக்கு நான் போன வெச்சதுக்கப்புறம் எதையாவது கட்டு பண்ணீங்களா?"

"தொடல."

"ஓர்மிச்சுப் பாருங்க. எல்லாத்தையும் செலக்ட் பண்ணி எதையாவது அமுக்கியிருப்பீங்க."

"தொடலங்கேன்."

அவள் அழ ஆரம்பித்தாள். அப்போது "பிளக்!" என்று குரல் வந்தது. நான் எழுந்து எல்லாவற்றையும் பிடுங்கினேன். போனை வைத்ததும் அவளா நானா என்று ஞாபகம் இல்லை.

மழை கொட்டியது. கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். அன்று சமைக்கவில்லை. முப்பது வருடத்தில் ஒரு மூட்டை கணக்கு தப்பியதில்லை. இதில் மொத்தமும் போனது என்றால் எந்தக் கையால் போயிருக்கும் என்று கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

விளக்கு வைக்கும் நேரத்துக்கு மழை விட்டது. இன்டர்நெட் பெட்டியையும் பழையதையும் போட்டேன்; லேப்டாப் மதியத்திலிருந்தே பேட்டரியில் ஓடிக்கொண்டிருந்தது. அதன் திரையிலேயே ஃபோல்டரைத் திறந்தேன். இருந்தன. எண்ணினேன். நாற்பத்தாறு. ஒன்று நான் எடுத்தது. சரியாக இருந்தது.

அப்படியானால் மதியம் நான் போனது எங்கே? மகள் அன்று சொன்ன இடத்தில் எண்ணைப் பார்த்தேன். கடைசியில் மூன்று. காலண்டரில் இரண்டு. காலண்டரில் இருப்பது என் கையெழுத்து. தப்பு இல்லை.

அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு பிடிபட்டது. ஆஸ்பத்திரி டோக்கன். மனைவிக்காக விடியுமுன் போய் நிற்பேன். முந்தி வந்தவனுக்கு முந்திய எண். நேற்றைய எண் இன்று செல்லாது. இந்த இன்டர்நெட் பெட்டியும் அதுதான் செய்கிறது. இடிக்குப் பயந்து பிடுங்கும்போது பழைய டோக்கனை மறந்துவிடுகிறது. திரும்பப் போடும்போது முதலில் வருகிறவனுக்குக் கொடுக்கிறது. இன்று முதலில் வந்தது லேப்டாப். இரண்டு அதற்குப் போய்விட்டது. லேப்டாப்பில் இருந்து இரண்டைத் தட்டிய நான் லேப்டாப்புக்குள்ளேயே போயிருக்கிறேன். அங்கே காலியாகத்தானே இருக்கும்.

லேப்டாப்பை எடுக்கும் முன்பே பழையது சூடேறி நின்றுவிட்டது. போனில் மகளைக் கூப்பிட்டேன்.

"இருக்குளா. நாப்பத்தாறும் இருக்கு. நான் வேற வீட்டுக்குள்ள போயிட்டேன்."

டோக்கன் கதையைச் சொன்னேன். சிரித்தாள். மூக்கடைத்த சிரிப்பு.

"நான் நர்ஸு. எனக்கே இது தோணலியே."

"நீ டோக்கன் குடுக்க ஆளு. நான் வாங்குனவன்லா."

மூன்றாவது ஞாயிறு. பழையது இரண்டு தடவை எழும்பவில்லை. மூன்றாவது தடவை எழும்பியது. மூடியைக் கழற்றி மேசை ஃபேனை அதன் பக்கம் திருப்பினேன். திரையில் எண்ணைப் பார்த்தேன். அன்றைக்கு நாலு; போனும் முந்தி வந்து ஒரு டோக்கன் வாங்கியிருக்கிறது. தட்டினேன். உள்ளே எல்லாம் இருந்தன. காப்பி கொடுத்தேன். கட்டு இல்லை.

மெதுவாக வந்தன. ஒன்று வந்து நிற்கும். கரகரக்கும். அடுத்தது வரும். இருபது போனபோது வானம் இருண்டது. முப்பதில் முதல் இடி.

"பிளக்! பிளக்!"

நான் எழுந்திருக்கவில்லை. இனி ஒருதடவை நிறுத்தினால் அது எழும்பாது. தெரியும். மின்னல் விழுந்தால் இரண்டும் கருகும். அதுவும் தெரியும். உட்கார்ந்திருந்தேன்.

வீட்டுக்காரர் குடையோடு பின்கட்டுக்கு வந்தார். விளக்கு வெளிச்சத்தைப் பார்த்திருக்கிறார்.

"ஓய், காது கேக்கலையா? பிடுங்கும் ஓய்!"

"கொஞ்சம் பாக்கி இருக்கு சாமி."

"என்ன பாக்கி? உசுரை விடவா?"

"அவ பேசினது."

அவர் மேசையைப் பார்த்தார். என் மனைவியிடம் தினமும் ஒரு கரண்டி காப்பிப்பொடி கடன் வாங்கியவர். திருப்பியதில்லை.

"எத்தனை பாக்கி?"

"பதினொண்ணு."

அடுத்த இடி பக்கத்தில் விழுந்தது. பல்ப் மங்கி எரிந்தது. ஃபேன் ஒரு சுற்று தயங்கியது. அவர் குடையை மடக்கிக் கதவோரம் நின்றார். போகவில்லை.

"நான் ஒண்ணும் பாக்கலை" என்றார். "வீட்டுக்காரன்கிற முறையிலே சொல்றேன். நான் இங்கே வரவே இல்லை."

ஐந்து. மூன்று. ஒன்றில் வெகுநேரம் நின்றது. முடிந்தது.

பிடுங்கினேன். ஃபேனோடு நாலையும். மிக்ஸியையும்.

"இனிமே கூப்ட்டா எழுந்திரும்" என்றுவிட்டு அவர் மழையில் போனார். குடையை விரிக்க மறந்துவிட்டார்.

பழையது அதற்குப் பிறகு எழும்பவில்லை. இப்போதும் மேசையில்தான் இருக்கிறது. துடைத்து வைத்திருக்கிறேன்.

லேப்டாப் பேட்டரியில் ஓடிக்கொண்டிருந்தது. காலண்டரின் பின்பக்கத்தைத் திருப்பினேன். பழைய கோடுகளுக்குக் கீழே புதிதாகப் போட ஆரம்பித்தேன். நாலு கோடு, குறுக்கே ஒரு கோடு. போன் அடித்தது.

"வந்துட்டா? எத்தனப்பா?"

"பொறு, எண்ணிட்டு இருக்கேன்."

ஃபோல்டரில் இருந்தவற்றை எண்ணி முடித்தேன். முகப்பில் தனியாகக் கிடந்த ரசத்துக்கும் ஒரு கோடு போட்டேன்.

நாற்பத்தேழு.