அந்த அம்மா என்ன வேலைக்குப் போனார்?

மகளுக்காக வாங்கிய படப் புத்தகத்தை இன்று காலை ஓசூர் டவுன் பஸ்ஸில் புரட்டிக்கொண்டிருந்தேன். ஒரு தலைவருடைய மனைவியின் வாழ்க்கை வரலாறு.

பக்கத்தில் கம்பெனி யூனிஃபார்மில் இருந்த அக்கா, தலைவர் சிறைக் கம்பிக்குப் பின்னால் நிற்கும் படத்தை எட்டிப் பார்த்தார்.

"இவரு ஜெயில்ல இருந்தப்போ இந்தம்மா என்ன வேலைக்குப் போச்சுங்க?"

தேடினேன். "குடும்பத்தைத் தாங்கினார்" என்று ஒரே வரி. படத்தில் விளக்கேற்றிக்கொண்டிருந்தார்.

"தாங்கினாருன்னா எப்படிங்க? எங்க வீட்டுக்காரரு படுத்து ரெண்டு வருசமாச்சு. நானுந்தான் தாங்கறேன். அதுக்கு டெய்லி எட்டு மணி நேரம் மெஷின்ல நிக்கணுமே?"

எனக்குக் குழப்பமாகிவிட்டது. மறுபடி முதலிலிருந்து படித்தேன். தலைவர் எந்தெந்த ஊரில் பேசினார் என்பதெல்லாம் இருக்கிறது.

மூக்கண்டப்பள்ளியில் இறங்கும்போது அக்கா, "தெரிஞ்சா சொல்லுங்க, தினமும் இந்த பஸ்லதான் வருவேன்" என்றார்.

நானும் அதில்தான் போகவேண்டும். உங்களில் யாருக்காவது தெரியுமா?